மணலா, காகிதமா, கூண்டா? பெரிய இன நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் முன்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இனம், நிறம், விலை என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அது எங்கே ஒன்றுக்குப் போகும் என்பதை மட்டும், குட்டி வந்து ஹாலை நனைத்த பிறகுதான் யோசிக்கிறார்கள். பெரிய இனத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இருக்கும் லாப்ரடார் குட்டி ஒரு வருடத்தில் முப்பது கிலோவைத் தொட்டுவிடும். நம் ராஜபாளையம் உயரத்தில் அதையும் தாண்டும். இன்று ஒரு துணியால் துடைத்துவிடுகிற ஈரம் எட்டாவது மாதத்தில் ஒரு வாளித் தண்ணீர் கேட்கும். ராமநாதபுரத்தில் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

நாயைப் பொறுத்தவரை இடம் அப்புறம்தான், காலுக்கடியில் படுகிற தரைதான் முதலில். எட்டு, ஒன்பது வார வயதுக்குள் எந்தத் தரை காலில் பட்டால் போகலாம் என்பது குட்டிக்குப் பழகத் தொடங்கிவிடுகிறது. சிமெண்ட் தளத்தில் வளர்ந்த குட்டி சிமெண்டைத் தேடும். சாக்கில் வளர்ந்தது உங்கள் வீட்டு மிதியடியைத் தேடும். மணலில் வளர்ந்தது மணலைத் தேடும். பிறகு மாற்ற முடியாது என்றில்லை. வயது ஏற ஏற நாள் பிடிக்கும். அதனால் குட்டி எடுக்கப் போகும்போது தாயும் குட்டிகளும் எந்தத் தரையில் கிடக்கின்றன என்று பாருங்கள். ஒரே கூண்டுக்குள் தின்று, தூங்கி, அங்கேயே போய் வளர்ந்த குட்டிக்கு, படுக்கிற இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பே மங்கியிருக்கும். அப்படிப்பட்ட குட்டியை நான் வாங்க மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரை வீடுகள் ஒரே மாதிரி இல்லை. உச்சிப்புளிப் பக்கம் தென்னையும் பனையும் நிற்கிற மணல் முற்றம் இருக்கும். ராமேஸ்வரத்தில் கோயிலை ஒட்டிய தெருக்களில் வாசலைத் தாண்டினால் யாத்ரீகர் கூட்டம்தான். கீழக்கரையிலும் ராமநாதபுரம் நகரிலும் சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போனால் கரிசல்; மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் சேறு. வீட்டைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலர் முதலில் கை வைப்பது காகிதத்தில். பழைய பேப்பரை விரித்து, அல்லது கடையில் விற்கும் உறிஞ்சும் பேட் வாங்கிப் போட்டு, குட்டி அதில் போனால் பாராட்டுவது. பொமரேனியனுக்கு இது ஆயுள் முழுக்க ஓடும். பெரிய இனத்துக்கு நான்காவது மாதத்திலேயே பேப்பர் போதாது. முன்னங்கால் பேப்பரில் நிற்க, போவது தரையில் விழும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வராந்தாவில் பேப்பர் ஓரிடத்தில் கிடப்பதுமில்லை. அதைவிடப் பெரிய குறை, முதலில் வீட்டுக்குள் போகப் பழக்கி, பிறகு போகாதே என்று பழக்க வேண்டியிருப்பது. ஒரே குட்டிக்கு இரண்டு பாடம், இரண்டாவது பாடம் முதல் பாடத்தை மறுக்கிறது. முற்றமே இல்லாத வீட்டில் வேறு வழியில்லை என்றால், பேப்பருக்குப் பதிலாக ஓரம் தாழ்ந்த பெரிய பிளாஸ்டிக் தட்டில் மணல் நிரப்பிக் குளியலறை ஓரமாக வையுங்கள். நான்கு மாதம் கழித்து வெளியே மணலுக்கு மாற்றும்போது தரை மாறாது, இடம் மட்டும்தான் மாறும்.

மாடி வீட்டுக்காரர்கள் பலர் மொட்டைமாடிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய இனக் குட்டியின் எலும்பு வளரும் முனைகள் மூடி இறுக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். மிகப் பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல். அதுவரை நாளைக்கு ஏழெட்டு முறை படியேறி இறங்குவது இடுப்பு மூட்டுக்கும் முழங்கைக்கும் கெடுதல். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஐந்தாவது மாதத்தில் யாராலும் எளிதில் தூக்க முடியாது. சிமெண்ட் தளத்தில் பழகிய நாய்க்கு மாடிக்கும் போர்ட்டிகோவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏப்ரல், மே மாத நடுப்பகலில் அந்தத் தளத்தில் உங்கள் உள்ளங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். கையை எடுத்துவிடத் தோன்றினால் குட்டியின் பாதத்துக்கும் அதே சூடுதான்.

கூண்டு முறை பல நாடுகளில் பயிற்சியாளர்கள் நம்புகிற முறை. தான் தூங்கும் இடத்தை நாய் அசிங்கம் செய்ய விரும்பாது என்ற இயல்பின் மேல் நிற்பது. குட்டி எழுந்து, சுற்றி, படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் இருந்தால் அடக்கிக்கொள்ளும், திறந்தவுடன் வெளியே கூட்டிப்போனால் வெளியே போகும். வளர்ந்த நாய்க்கான பெரிய கூண்டை முதல் நாளே வாங்கிவிட்டால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் போய்விடும். நடுவே தடுப்பு வைத்து, குட்டி வளர வளரத் தள்ளிக்கொண்டே போகிற வகையைத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அந்த முறை குளிர்ந்த வீடுகளை மனதில் வைத்து எழுந்தது. நாய்க்கு வியர்த்து உடம்பு தணியாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் ஏறியிருக்கும்போது மூச்சிரைப்பும் பலன் தராது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரக் கொட்டகைக்கும் கீழே அடைத்த குட்டியால் நிழலுக்கு நகர முடியாது. மின்சாரம் போனால் மின்விசிறியும் நிற்கும். ஆகவே இங்கே கூண்டை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஹாலுக்குள், கம்பி வலைக் கூண்டாக, வீட்டில் ஆள் இருக்கும்போது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. அதற்கு மேல் அடைத்து வைத்தால் வேறு வழியின்றிக் கூண்டுக்குள்ளேயே போகும். அன்றோடு கூண்டு பயனற்றுப் போய்விடும். கூண்டுக்குப் பதிலாகக் குட்டியின் கழுத்துப்பட்டையில் ஆறடிக் கயிறு கட்டி, மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். குட்டி தரையை முகர்ந்து சுற்ற ஆரம்பிப்பது உடனே தெரிந்துவிடும். பகலில் ஒருவராவது வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குக் கூண்டைவிட இது நல்லது.

தெருவுக்குக் கூட்டிப்போவது பின்னால் தேவைப்படுகிற பழக்கம், தொடக்கத்துக்கு ஏற்றதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வார இடைவெளியில் போடும் தடுப்பூசிகள் நான்காவது மாதம் வாக்கில்தான் முடிகின்றன. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தெருநாய்கள் போய்வந்த மண்ணில் தடுப்பூசி முடியாத குட்டியை இறக்குவது அதன் உயிரோடு விளையாடுவது. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதைத் தள்ளிப்போடவே கூடாது. தெருவில் நடக்கத் தொடங்கியபின் அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். விடியற்காலையில் போட்ட கோலத்தின் மேலும், தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு நடந்துபோகிறவர் வாசலிலும் உங்கள் நாய் கால் தூக்கினால், தெரு முழுக்க அந்த நாயின் எதிரியாகிவிடும். முதலில் வீட்டில் போகவைத்து, பிறகு நடக்கக் கூட்டிப்போனால் இந்த வம்பே இல்லை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் மக்கள் வெறுங்காலோடு நீராட வருகிறார்கள். அங்கே நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

பத்தடி முற்றம் இருந்தாலும் போதும், நான் சொல்வது மணல் குழி. இந்தக் கடற்கரையில் பாதி வீடுகளுக்கு அது தோண்டாமலே இருக்கிறது; எல்லை கட்டினால் போதும். ஐந்தடிக்கு ஐந்தடி, ஓரமாகச் செங்கல் வரிசை, ஒன்றரை அடி ஆழம். கிணறு, குடிதண்ணீர்த் தொட்டி, அடுப்படி இவற்றுக்குத் தூரமாக. கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வராதீர்கள். அது சட்டப்படி தவறு, கரையையும் அரிக்கும். கரிசல் ஊர்க்காரர்கள் கட்டட வேலையில் மிஞ்சிய மணலைப் போட்டுக்கொள்ளலாம். மேலே நான்கு கம்பு நட்டுப் பனையோலையோ கீற்றோ வேய்ந்துவிட்டால் மே மாத வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே ஏற்பாடாகிவிடும். குட்டி பிறந்த இடத்திலிருந்து அதன் சிறுநீர் பட்ட ஒரு பிடி மண்ணோ துணியோ வாங்கி வந்து குழியில் போட்டால் முதல் நாளே மூக்கு வழி காட்டிவிடும்.

குழிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரங்கள்: தூங்கி எழுந்ததும், தின்ற கால்மணியிலிருந்து அரைமணிக்குள், விளையாடி முடிந்ததும், படுக்கும் முன்பு, இவை போக இரண்டு மணிக்கொரு முறை. ஒவ்வொரு தடவையும் கயிற்றோடு, ஒரே வழியாக, ஒரே குழிக்கு. சொந்த முற்றம்தானே என்று அவிழ்த்துவிட்டால் கோழியைத் துரத்தப் போய்விட்டு, திரும்பி வந்து ஹாலில் போகும். குழியில் நிறுத்திப் பேசாமல் நில்லுங்கள். போகத் தொடங்கும்போது 'ஒண்ணுக்குப் போ' என்று மெதுவாக ஒரு முறை. முடித்த அடுத்த இரண்டு மூன்று விநாடிக்குள், முள் எடுத்து உப்பில்லாமல் வேகவைத்த மீன் துண்டு ஒன்று. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். கருவாடு வேண்டாம், உப்பு ஆகாது. ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் உள்ளே கூட்டிவந்து, கண்ணெதிரே கயிற்றில் வைத்திருந்து, கால்மணி கழித்து மீண்டும் கூட்டிப்போங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை யாராவது எழ வேண்டும். யார் எழுவது என்பதைக் குட்டி வருமுன்பே பேசி முடிவு செய்யுங்கள். பல வீடுகளில் அது பேசப்படாமலே அம்மா தலையில் விழுகிறது.

மணலுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. வெதுவெதுப்பான ஈர மணல் கொக்கிப்புழுவின் குஞ்சுகளுக்கு மிகப் பிடித்த இடம். நாயின் மலத்தோடு விழும் முட்டை மணலில் பொரிந்து, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் நுழைந்து, கோடு கோடாகத் தடித்து அரிக்கும். இந்தக் கரையில் பிள்ளைகள் செருப்புப் போடுவது அபூர்வம். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைக்க வேண்டும்; வாரத்துக்கொரு தடவை மேல்மணலை அள்ளி வெயிலில் காயவிட வேண்டும்; குழிக்குள் பிள்ளைகள் கால் வைக்காதபடி வேலி. குட்டிக்குக் குடற்புழு மருந்து இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, மூன்று மாதம் ஆனதும் மாதமொரு முறை, ஆறு மாதம் வரை. இதற்கு ஒப்பாத வீடு மணல் குழியைத் தொடாமலிருப்பதே மேல்.

எப்போது குட்டி எடுப்பது என்பதிலும் தேர்வு உண்டு. ஆவணியில் எடுத்த குட்டி, பழக்கம் பிடிபடும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனையப் பிடிக்காமல் வாசற்படியிலேயே போய்விடும். தேங்கிய நீரில் எலி மூத்திரம் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் பரவும் காலமும் அதுதான். அது நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். அந்த மாதங்களில் கையுறை போடாமல் சிறுநீரைத் துடைக்காதீர்கள். தையில் எடுத்தால் வெயில் கொளுத்துமுன் இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது. விசைப்படகுக் குடும்பங்களுக்கு நான் வேறொன்று சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டு ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். எட்டு வாரக் குட்டியை ஏப்ரல் நடுவில் கொண்டுவந்தால், படகு மீண்டும் கிளம்பும்போது குட்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருக்கும். இரண்டு மணிக்கொரு முறை கூட்டிப்போக ஆள் வேண்டிய காலம் முழுவதும் ஆள் இருக்கும். தடைக்காலத்தில் கையில் பணம் இருக்காது என்பதையும் அறிவேன். தடுப்பூசிச் செலவை முன்பே ஒதுக்கி வைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கோடையில் எடுத்த குட்டி நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையப் போகும். அதற்காகத் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைக்கிறார்கள். இந்த வெயிலில் அது கொடுமை, ஆபத்தும்கூட. இரவு படுக்கப் போகுமுன் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்து வைக்கலாம். பகலில் ஒருபோதும் கூடாது. நேரத்தைச் சோற்றில் கட்டுப்படுத்துங்கள். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு, தினமும் ஒரே மணிக்கு. உள்ளே போவது ஒழுங்கானால் வெளியே வருவதும் ஒழுங்காகும். பெரிய இனமாயிற்றே, எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். பெரிய இனக் குட்டிக்கு அளவு மீறிய கால்சியம் எலும்பைக் கோணலாக்கும். மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம்.

இனத்துக்கு இனம் பாடம் சொல்லும் விதம் மாறும். லாப்ரடார் தீனிக்காக எதையும் கற்கும். உடும்புப் பிடியாகச் சோற்றில் நாட்டம், அதனால் பழக்க எளிது, கொழுக்கவும் எளிது. ஜெர்மன் ஷெப்பர்டு விரைவாகக் கற்கும், ஆனால் அந்த அடர்ந்த இரட்டை ரோமத்தோடு இந்தக் கடற்கரையில் படும் பாட்டை யோசித்து வாங்குங்கள். செயின்ட் பெர்னார்டை இங்கே கொண்டுவரவே கூடாது. நம் மண்ணின் நாய்களில், 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த ராஜபாளையம் ஒற்றை ஆளிடம் ஒட்டிக்கொள்ளும். குரலை உயர்த்தினால் சுருங்கிப்போகும். பெரிய தலையும் அகன்ற நெஞ்சும் கொண்ட ராமநாதபுரம் மண்டை காவலுக்குப் பேர்போனது, பிடிவாதமும் உண்டு. பொறுமையாக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஏற்கும்.

ராஜபாளையத்தில் இன்னொன்று பார்க்க வேண்டும். தூய வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்குப் பிறப்பிலேயே வருகிறது. கூடப் பிறந்தவற்றோடு இருக்கும்போது தெரியாது, மற்றவை திரும்பினால் இதுவும் திரும்பும். தனியே எடுத்துவந்து, பின்பக்கம் நின்று, காற்றுப் படாமல் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். செவிடு என்று தெரியாமல் 'சொன்னா கேக்க மாட்டேங்குது' என்று அடிவாங்கும் குட்டிகள் உண்டு. அதைவிட மனம் வெறுக்கிற காரியம் வேறில்லை. காது கேளாத குட்டியும் கை ஜாடையில் நன்றாகவே பழகும்: குழியில் நிறுத்தித் தரையைச் சுட்டும் விரல், முடித்ததும் விரித்த உள்ளங்கை, பிறகு மீன் துண்டு. காது கேட்கும் ராஜபாளையத்துக்கும் ஜாடையைச் சேர்த்தே பழக்குவது நல்லது.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பதும், விளக்குமாற்றால் ஒன்று வைப்பதும் நம் வீடுகளில் தலைமுறையாக வருகிறது. அரைமணி முன்பு செய்ததற்கு இந்த அடி என்று குட்டிக்குத் தெரியாது. இவர் முன்னால் போனால் ஆபத்து என்று மட்டும் புரியும். அடுத்த முறை பீரோவுக்குப் பின்னால் போகும். நீங்கள் குழியில் பக்கத்தில் நின்றாலும் போகாது. நடுவில் கண்டுவிட்டால் ஒரு கைதட்டல், உடனே தூக்கிக்கொண்டு குழிக்கு; மீதியை அங்கே முடித்தால் அதற்கும் மீன் துண்டு. முடிந்தபின் கண்டால் வாய் பேசாமல் துடைப்பதுதான் வேலை. அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் நெடி சிறுநீரையே நினைவூட்டி மீண்டும் அழைக்கும். துடைத்து, சோப்புத் தண்ணீர், பிறகு வினிகர் கலந்த தண்ணீர். பிளீச்சிங் பவுடர் போடுவதென்றால் முதலில் சிறுநீரையும் வினிகரையும் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள். இவற்றில் எதனோடு அது கலந்தாலும் நச்சுப் புகை வரும்.

வெளியூரில் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் விட்டுப் பழக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். உட்கார, கூட நடக்க, கூப்பிட்டால் வர அங்கே கற்கலாம். வீட்டுப் பழக்கத்தை அங்கே கற்க முடியாது. அங்குள்ள தரையும் வாசலும் நேரமும் வேறு, திரும்பி வந்ததும் உங்கள் ஹாலில்தான் தொடங்கும். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் கிடைத்தால் அந்தப் பணம் வீணாகாது.

குழிப் பழக்கம் பிடிபட்டதும் அடுத்து 'சிட்' சொல்லிக்கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கரையோர வீட்டுக்கு அதற்கு முன்பே 'விடு' தேவை. வலையிலிருந்து உதறிய பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. திருக்கை முள், கெளுத்தி முள், கரை ஒதுங்கிய சொறிமீன், இவையெல்லாம் மோப்பம் பிடிக்கிற குட்டியின் வாய்க்கு நேரே இருக்கின்றன. மூடிய கையில் தீனியை வைத்து, அது முகர்வதை நிறுத்தும் கணத்தில் 'விடு' என்று சொல்லி, மறு கையிலிருந்து அதைவிட நல்ல தீனி கொடுங்கள். பிறகு தரையில், பிறகு கயிற்றோடு கரையில். தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்திலும், பூநாரைகள் இறங்கும் காலத்திலும் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். ஒரு பெரிய நாய் ஒரே ஓட்டத்தில் அத்தனை பறவைகளையும் கலைத்துவிடும்.

நான்கைந்து மாதம் ஒழுங்காகப் பழகிய குட்டி திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால் பாடத்தை மறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பெட்டைக் குட்டிகளுக்கு அதிகம் வரும். சோர்வும் காய்ச்சலும் சேர்ந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு, காதுமடலின் உள்பக்கத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.